தோளுக்கு மேலே இருபத்தெட்டு இறாத்தல்

1

நானும் மனைவி பரிமளமும் ரொறன்ரோவில் வந்து இறங்கி இன்றோடு மூன்று ஆண்டுகள். நாள் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. இடையில் ஒரு பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாட்கள். நினைவாகப் பரிமளம் காலையில் ரவைக் கேசரி கிண்டினாள். மகள் வத்சலா அதில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு ஆறு அவித்த முட்டைகளைச் சாப்பிட்டாள். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். யன்னலால் பார்த்தால் எங்களுடையதைப் போலவே ஏழு கட்டடங்கள் தெரியும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவனுக்கு இனி என்ன பயம்? எனக்கு அறுபத்தெட்டு வயது. இந்த வயதில் எனக்கு இருக்கும் பயத்துக்கு நிறை உண்டு. அது இருபத்தெட்டு இறாத்தல்.

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வத்சலாவுக்குக் குடியுரிமை நேர்முகம். அவள் இங்கே முதலில் அகதியாக வந்தவள். அவளுடைய பெயரில்தான் நாங்கள் இருவரும் வந்தோம். அவளுடைய கடதாசி ஆடினால் எங்களுடையதும் ஆடும். அந்தக் கடதாசிகளில் ஒன்று, அவளுடைய வலது கை தோளுக்கு மேலே ஒருபோதும் எழும்பாது என்று சொல்கிறது. போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை, ஒஷாவாவுக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில், நூற்றுக்கணக்கான ஆட்கள் பார்த்திருக்க, அதே வலது கையால் இருபத்தெட்டு இறாத்தல் இரும்பை, கிலோவில் ஏறக்குறைய பதின்மூன்று, தலைக்கு மேலால் எறிந்தாள்.

2

வத்சலாவுக்கு இருபத்தேழு வயது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிக் கழுவி உடுத்தி இருத்த வேண்டும். அங்கே அவளோடு வேலை செய்யும் மொய்ரா, ஸ்கொட்லாந்து வழிவந்த பெண், நாற்பத்தாறு வயது. கோடைக்காலச் சனிக்கிழமைகளில் கட்டம் போட்ட குட்டைப் பாவாடை உடுத்து, கல்லும் இரும்பும் எறியும் போட்டிகளுக்குப் போவார். அது அவருடைய முன்னோர் மலைநாட்டில் விளையாடிய விளையாட்டாம். எறிந்ததற்குச் சம்பளம் கிடையாது. அடுத்த நாள் முதுகு வலிதான்.

வத்சலா எல்லாரையும் இடது கையால் தாங்கித் தூக்குவதைக் கண்டு, வலது கைக்கு என்ன என்று மொய்ரா ஒருநாள் கேட்டிருக்கிறார். ஷெல் காயம், இனிச் சரிவராது என்று இவள் சொல்லியிருக்கிறாள். யார் சொன்னது என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். போன ஆண்டு செப்டெம்பரில் அந்தக் கேள்வியோடுதான் எல்லாம் தொடங்கியது.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு அடுத்த அறையில், பாரம் தூக்கும் தண்டும் இரும்புத் தட்டுகளும் இருக்கின்றன. வேலை முடிந்து இருவரும் அங்கே போவார்கள். பரிமளத்துக்கு இது பிடிக்கவில்லை.

"பொம்பிளைப்பிள்ளை இரும்பு தூக்கிறதோ? நீங்கள் போய்ப் பக்கத்தில நில்லுங்கோ. விழுந்து கிழுந்து போவாள்."

"விழுந்தா நான் பிடிக்கிறதோ? என்னை ஆர் பிடிக்கிறது?"

"பிடிக்க வேண்டாம். பாத்துக்கொண்டு நில்லுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே."

போனேன். சும்மா நிற்க எனக்கு ஏலாது. முப்பத்தோராண்டு புகையிரதப் பகுதியில் பொதிக் கிளாக்கராக இருந்தவன். ஒரு பொதியின் நிறையை எழுதாமல் விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன்.

முதல் வாரம் வீடு கூட்டும் வெறும் தும்புத்தடி. அதையே வலது கை தோள் மட்டத்துக்கு மேலே கொண்டுபோகவில்லை. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. நான்காம் வாரம் ஐந்து இறாத்தல், தோள் வரை. பத்தாம் வாரம் அதே ஐந்து, தலைக்கு மேலே. தை மாதம் வெறும் தண்டை, அதுவே நாற்பத்தைந்து இறாத்தல், இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஒரு தடவை. மாசியில் ஐந்து தடவை. பங்குனியில் ஒரு வாரம் ஒன்றும் கூடவில்லை. அந்த வாரம் அவள் தட்டைக் காலால் உதைத்ததையும் எழுதியிருக்கிறேன். ஆனியில் எண்பத்தைந்து.

பனி கரைந்த பிறகு பள்ளிக்கூடம் ஒன்றின் பின் மைதானத்தில் எறியத் தொடங்கினார்கள். வளையம் வைத்த இரும்புக் கட்டி. குறுக்குத் தடிக்கு முதுகு காட்டி நின்று, கட்டியை ஒரு கையால் கால்களுக்கு இடையே ஆட்டி, எழும்பித் தலைக்கு மேலால் பின்பக்கம் விட வேண்டும். தடியைத் தாண்டி விழுந்தால் சரி. சித்திரையில் ஏழு அடி. ஆடி தொடங்கும்போது ஒன்பது அடி ஆறு அங்குலம். "ஹவ் மெனி ராட்டல், மிஸ்டர்?" என்று மொய்ரா என்னைக் கேட்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

மகளுடைய எண் கூடினால் தகப்பனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கோ ஒவ்வொரு ஐந்து இறாத்தலுக்கும் அந்தக் கடதாசிதான் நினைவுக்கு வந்தது. வைகாசியில் கொப்பியை அரிசிப் பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

3

எண்பத்தேழில் எங்கள் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. அப்போது வத்சலாவுக்குப் பதினேழு வயது. வலது தோளில் மூன்று துண்டுகள். இரண்டை எடுத்தார்கள். ஒன்று எலும்போடு இருந்தது. அதை அப்படியே விட்டார்கள்.

தொண்ணூறில் அவளை வெளியே அனுப்ப முடிவு செய்து கொழும்பில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முன்பு எனக்கு மேலதிகாரியாக இருந்தவரின் தம்பி அவர். தோளைப் பிடித்துப் பார்த்தார், படம் எடுத்தார், அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கடிதம் எழுதினார். வாசித்துப் பார்த்தேன். இப்போது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த முடியாது என்று இருந்தது.

"ஐயா, இன்னும் கொஞ்சம் பலமா எழுத ஏலாதே?" என்று கேட்டேன்.

"இதுதானே உண்மை, ஐயா."

"உண்மைதான். ஆனா அங்க இருக்கிறவை இதை வாசிச்சுப்போட்டு, காயம் மாறிச் சுகமாயிடும்தானே, திரும்பிப் போ எண்டு சொன்னா?"

அவர் அந்தக் கடதாசியைக் கிழித்து இன்னொன்று எழுதினார். நிரந்தரமான பாதிப்பு, கை தோளுக்கு மேலே இனி எழும்பாது, பாரம் தூக்கவே முடியாது. நான் நன்றி சொன்னேன்.

அந்தக் கடிதத்தால்தான் அவளை ஏற்றுக்கொண்டார்களா, அது இல்லாவிட்டாலும் ஏற்றிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது கோப்பில் இருக்கிறது. பொதிப் பகுதியில் எழுதிய ஒன்று பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து ஒருவரின் வேலையைத் தின்றதைக் கண்டவன் நான்.

4

ஆடி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று குடியுரிமை நேர்முகத்துக்கு. மற்றது ஒஷாவாப் போட்டியில் வத்சலாவின் பெயரைப் பதிந்துகொண்டதாக. போட்டிக்கும் நேர்முகத்துக்கும் இடையில் பத்து நாள். போட்டிக் கடிதத்தின் அடியில், முடிவுகள் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாகும் என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியை இருபது தடவையாவது வாசித்திருப்பேன். பத்திரிகை புதன்கிழமை வரும். ஒரு அதிகாரி காலையில் கோப்பித் தண்ணியோடு அதை விரிப்பார். பெயரைப் பார்ப்பார். இந்தப் பெயரில் எங்களிடம் ஒரு கோப்பு இருக்கிறதே என்று நினைப்பார். போதாக்குறைக்கு, கோயில் மண்டபத்தில் ஒருவர், பிறந்த ஆண்டு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்ததால் யாரோ ஒருவரின் கோப்பைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார், எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாத ஆளாக இருந்ததால் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

வத்சலா வேலைக்கும் பரிமளம் கடைக்கும் போன நேரம் பார்த்து, போட்டிக் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை முதலே எழுதி வைத்திருந்தேன். மொத்தம் இரண்டு வசனம். என் மகளின் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டாம். மிக்க நன்றி.

எதிர்ப்பக்கத்துப் பெண்மணி மிகவும் அன்பாக, ஏன் என்று கேட்டார். அதற்கு நான் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல ஏலாது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: உடல்நிலை காரணம். தோளில் பழைய காயம்.

அவருடைய குரல் உடனே மாறியது. அப்படியென்றால் டொக்டரிடம் இருந்து தோள் நன்றாக இருக்கிறது, பாரம் எறியலாம் என்று கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் மைதானத்துக்குள் விட மாட்டோம் என்றார். அறிவித்ததற்கு எனக்கு நன்றியும் சொன்னார்.

எந்தக் கடதாசி இந்த உலகத்தில் இருக்கக்கூடாது என்று பயந்தேனோ, அதை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

5

அன்று பின்னேரம் வத்சலா சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"அப்பா, அந்தப் போட்டிக்கார மனுசி டொக்டர் கடிதம் கேக்கிறா. ஆர் அவவுக்கு ரெலிபோன் எடுத்தது?"

"எந்த மனுசி?"

"அப்பா!"

"நான்தான்."

"ஏன்?"

"பேப்பரில பேர் வரக்கூடாது எண்டு."

"வந்தா என்ன?"

"இமிக்கிரேசன், பிள்ளை. கை எழும்பாது எண்டு எழுதிக் குடுத்திருக்கு."

அவள் சிரித்தேவிட்டாள். கதிரையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

"கை மாறினதுக்கு ஆரும் ஆளைத் திருப்பி அனுப்புவினமே? உங்களுக்கு விசர். அந்தக் கொழும்பு டொக்டர் பிழையாக் கணிச்சிட்டார், அவ்வளவுதான். இப்ப இன்னொரு டொக்டர் சரியா எழுதித் தரட்டும்."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"டொக்டர் பிழை விடேல்லை," என்றேன்.

"என்ன?"

"அவர் முதல் எழுதினது வேற. நான்தான் பலமா எழுதச் சொன்னனான்."

அவள் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப, அவர் உண்மையில என்ன சொன்னவர்?"

மேலே மூன்றாம் பகுதியில் இதை நான் எழுதவில்லை. எழுத விரல் வரவில்லை. டொக்டர் இன்னொன்றும் சொன்னார். நாள்தோறும் பயிற்சி செய்தால் ஒன்றிரண்டு வருடத்தில் கை எழும்பும் என்றார். என்னென்ன பயிற்சி என்று ஒரு துண்டில் எழுதியும் தந்தார். எட்டுப் பயிற்சிகள். அந்தத் துண்டை நான் வத்சலாவிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அகதி விசாரணையில் வாய் தவறிச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். பிறகு அவள் கனடா போய்விட்டாள். பிறகு துண்டும் எங்கேயோ போய்விட்டது.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். குசினியில் பரிமளம் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள்.

வத்சலா மெதுவாகத்தான் பேசினாள். "விசாரணையில அந்த ஒபிசர் கேட்டவர், கை இனி மாறுமோ எண்டு. இல்லை, ஒருக்காலும் மாறாது எண்டு சொன்னனான். சொல்லேக்க அழுகை வந்திட்டுது. அவர் தண்ணி எடுத்துத் தந்தவர். நான் பொய்க்கு அழேல்லை, அப்பா. உண்மை எண்டு நினைச்சு அழுதனான்."

"பிள்ளை..."

"ஆறு வருசம். இடக்கையால சீப்புப் பிடிச்சுத் தலை இழுத்து, இடக்கையால சட்டை போட்டு. அந்தக் கையைத் தூக்கிப் பாக்கவே இல்லை. தூக்கினா என்ன பிரியோசனம் எண்டு இருந்திட்டன்."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிமளம் குசினியில் இருந்து வந்து என்னைப் பார்த்தாள். பிறகு போய் வத்சலாவின் கதவைத் தட்டினாள்.

6

டொக்டர் கடிதம் இரண்டு நாளில் கிடைத்தது. தோள் முழுதாக அசைகிறது, உள்ளே இருக்கும் துண்டு அரிசி மணியளவு, தொந்தரவு இல்லை, தடையில்லை. கடிதத்தை மேசையில் வைத்தாள், வாசித்தேன். அதைத் தவிர, போட்டி வரை ஐந்து நாள் அவள் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூடத் தாயிடம்தான் கேட்டாள்.

சனிக்கிழமை காலை மொய்ரா காரோடு வந்து, என்னையும் ஏறச் சொன்னார். வத்சலா முன்னால் இருந்தாள். நான் பின்னால், மடியில் அந்த இரும்புக் கட்டியோடு. கால் மரத்துப்போனது, சொல்லவில்லை.

பூங்காவில் காற்று ஊதும் பை வாத்தியங்களின் சத்தம் காதை அடைத்தது. பெண்களுக்கான எறிதலில் ஆறு பேர். வத்சலா மொய்ராவின் பழைய பாவாடையை நான்கு ஊசி குத்தி இடுப்புக்குச் சரிப்படுத்தியிருந்தாள். அங்கே புள்ளி எழுத வேண்டிய ஆள் வரவில்லை. மொய்ரா நடுவரிடம் போய் என்னைக் கைகாட்டி, இவர் முப்பத்தொரு வருடம் ரயிலில் நிறை எழுதியவர், இவரைவிட ஆள் கிடைக்காது என்று சொன்னார். நான் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குள் பலகையும் தாளும் பென்சிலும் என் கையில் இருந்தன.

வேலை இதுதான். தாண்டினால் வட்டம், தாண்டாவிட்டால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. ஒரு உயரத்துக்கு மூன்று தடவை. தாண்டியவரிடம் போய் அடுத்த உயரம் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். ஐந்து பேரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்பதரை அடியை வத்சலா தாண்டிய பிறகு அவளிடமும் போக வேண்டியிருந்தது.

"அடுத்த உயரம்?" என்று கேட்டேன்.

அவள் உள்ளங்கையில் வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து," என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு முதல் சொல்.

பத்து அடி என் கொப்பியில் இல்லை. முதல் தடவை கட்டி தடியில் பட்டது. புள்ளடி. இரண்டாம் தடவை தடிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. புள்ளடி. ஒளிக்காமல் சொல்கிறேன்: மூன்றாவதும் விழட்டும் என்று என்னுள் ஒரு பாதி வேண்டியது. ஒன்பதரை என்றால் கடைசிக்கு முதல் இடம். பத்திரிகைக்கு முதல் மூன்று பெயர்தான் போகும்.

மூன்றாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எழும்பினாள். கட்டி போனதை நான் பார்க்கவில்லை. அவளுடைய வலது கையைத்தான் பார்த்தேன். தோளுக்கு மேலே, காதுக்கு மேலே, தலைக்கு மேலே நேராக, ஐந்து விரலும் விரிந்து நின்றது. பின்னால் புல்லில் தொம் என்ற சத்தம். தடி நடுங்கி, நின்றுவிட்டது. நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார்.

வட்டம் போட்டேன். அது முட்டை மாதிரி வந்தது.

பத்தரையில் மூன்று புள்ளடி. மூன்றாம் இடம். நடுவர் தாளைப் பார்த்து, முதல் மூன்று பேரின் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்திரிகை ஆள் காத்துக்கொண்டு நின்றார். நான் எழுதியதெல்லாம் பென்சிலில். அழிறப்பர் அதே பென்சிலின் மறு முனையில் இருந்தது. நான்காவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் இடையில் ஆறு அங்குலம்தான். யார் கவனித்திருப்பார்கள்?

பத்திரிகை ஆளிடம் பேனை கேட்டு வாங்கினேன். மகளின் முழுப்பெயரையும் என்னுடைய கையெழுத்தையும் மையால் எழுதினேன்.

7

பத்திரிகை புதன்கிழமை வந்தது. உள்ளே ஒரு மூலையில் ஒரு வரி. பரிமளம் அதை வெட்டிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அதிலிருந்து இன்று வரை தொலைபேசி அடிப்பதை நான் எண்ணி வருகிறேன். நாலு நாளில் பதினேழு தடவை அடித்தது. ஒன்றும் குடியுரிமை அலுவலகத்துடையது இல்லை.

இன்று கேசரி சாப்பிட்ட பிறகு வத்சலா செவ்வாய்க்கிழமைக்கு வேண்டிய கடதாசிகளை மேசையில் அடுக்கினாள். கொழும்புக் கடிதத்தின் பிரதியையும் புதிய கடிதத்தையும் சேர்த்து வைத்தாள்.

"பழையதை ஏன் பிள்ளை? அவையளிட்ட இருக்குத்தானே."

"இருக்கட்டும். ரெண்டையும் ஒண்டா வைச்சுப் பாக்கட்டும்."

"ஏன் இப்பிடி மாறினது எண்டு கேட்டா?"

"அந்த டொக்டர் பிழையாக் கணிச்சிட்டார் எண்டு சொல்லுறன்." என்னைப் பார்க்காமலே தாள்களைத் தட்டிச் சமப்படுத்தினாள். "பயப்பிடாதேங்கோ. உங்களைச் சொல்ல மாட்டன்."

நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். கேட்டபிறகு பயம் குறைந்திருக்க வேண்டும். அந்த டொக்டர் இப்போது உயிரோடு இல்லை. அவர் ஒரு நாளும் தோளைப் பிழையாகக் கணிக்கவில்லை. முதல் தடவை வத்சலா பொய் என்று தெரியாமல் சொன்னாள். செவ்வாய்க்கிழமை தெரிந்தே சொல்வாள்.

"அப்பிடிச் சொல்லாதை," என்றேன். "அப்பா சொல்லித்தான் எழுதுவிச்சவர் எண்டு சொல்லு."

"அப்பா, நீங்கள் என்ர பேரில வந்தனீங்கள். உங்களுக்கு ஏதும்..."

"தெரியும். நானும் வாறன். வெளியில இருக்கிறன். கேட்டா உள்ள வந்து நானே சொல்லுறன்."

அவள் தாள்களை உறைக்குள் போட்டாள்.

"அப்ப காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடவேணும். ரெண்டு பஸ் எடுக்கவேணும்."

"மூண்டு," என்றேன். "நான் வெள்ளிக்கிழமை போய்ப் பாத்திட்டு வந்தனான்."

குசினிக்குப் போய்ப் பரிமளத்திடம் என் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணித் தரச் சொன்னேன்.

"அவளுக்குத்தானே கடிதம் வந்தது," என்றாள். "உங்களை ஆர் கூப்பிட்டது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. நீ அயன் பண்ணு."